அம்மாவின் மூக்கில் மூளை நீர் கசிகிறது, மூக்கு வழியாகவே ஆபரேஷன் என்கிறார்கள்

கேள்வி:
அம்மாவுக்கு 52 வயது. ஏழு மாதமாக வலது மூக்கில் மட்டும் தண்ணீர். கோலம் போடக் குனிந்தால் சொட்டுச் சொட்டாக விழும், தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்பார். அலர்ஜி, சைனஸ் என்று மாத்திரையும் ஸ்ப்ரேயும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், குறையவே இல்லை. போன வாரம் வேறு ஒரு இஎன்டி மருத்துவர் அந்த நீரைப் பிடித்து பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்பினார், அது மூளையைச் சுற்றியிருக்கும் மூளை நீர்தான் (சிஎஸ்எஃப்) என்று வந்துவிட்டது. தலையில் அடிபட்டதே இல்லை. "மூளையில் கை வைக்க வேண்டாம்" என்று அம்மா அழுகிறார். படுத்து ஓய்வெடுத்தால் நிற்காதா?

பதில் 1:
நான் இஎன்டி பட்ட மேற்படிப்பில் இருக்கிறேன். அந்தச் சோதனை நம்பகமானது, சாதாரணச் சளியிலும் கண்ணீரிலும் அந்தப் புரதம் இருக்காது. விபத்தில் அடிபட்டு வரும் கசிவு பல சமயம் தலையை உயர்த்திப் படுத்து, முக்காமல் தும்மாமல் இருந்தாலே ஓரிரு வாரத்தில் நின்றுவிடும். தானாக வந்த கசிவு, அதுவும் ஏழு மாதமாக ஒழுகுவது, ஓய்வில் நிற்கும் என்று காத்திருக்காதீர்கள். மூக்கின் கூரையில் சல்லடை போன்ற மெல்லிய எலும்பு இருக்கிறது, அங்கே ஓட்டை விழுந்தால் நீர் வெளியே வருவதைவிட மூக்கிலுள்ள கிருமி மேலே ஏறி மூளைக்காய்ச்சல் வருவதுதான் பெரிய பயம். காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

எண்டோஸ்கோப்பை மூக்குக்குள் விட்டு ஓட்டையைக் கண்டுபிடித்து, தொடைச் சவ்வோ கொழுப்போ மூக்கின் உள்தோலோ வைத்து அடைப்பார்கள். மூளைக்குள் போவதில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு முதல் முறையிலேயே நின்றுவிடுகிறது.

பதில் 2:
தம்பி, எனக்கும் இதே ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. முதுகில் ஊசி போட்டு ஒரு சாயம் செலுத்தினார்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் அது பச்சையாகத் தெரியுமாம். மூக்கைவிடத் தொடையில் போட்ட தையல்தான் எனக்கு அதிகமாக வலித்தது. அப்புறம் ஆறு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, மலச்சிக்கலுக்கு முதல் நாளே மருந்து கேட்டு வாங்கிவிடுங்கள். அம்மா குனிந்து வேலை செய்ய விடாதீர்கள், நான் அதைத்தான் சொல்லிச் சொல்லி வீட்டில் சண்டை போட்டேன்.

பதில் 1:
ஒன்று விட்டுவிட்டேன். அடிபடாமல் வரும் கசிவு பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு, அதிலும் உடல் எடை கூடியவர்களுக்குத்தான் வருகிறது, மண்டைக்குள் நீரின் அழுத்தம் கூடியிருப்பது பலருக்குக் காரணம். தினமும் சுமார் அரை லிட்டர் மூளை நீர் புதிதாக ஊறுகிறது. அழுத்தத்தைக் கவனிக்காமல் ஓட்டையை மட்டும் அடைத்தால் மறுபடி ஒழுகலாம். அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐயோடு விழித்திரைப் பரிசோதனையும் கேளுங்கள், ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அழுத்தத்தைக் குறைக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை தேவையா என்றும் கேளுங்கள். மூளைக்காய்ச்சல் வரவைக்கும் ஒரு கிருமிக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசியை அம்மா போட்டுக்கொண்டாரா?

கேள்வி கேட்டவர்:
இல்லை, நாளைக்கே விசாரிக்கிறேன். எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முடியை மழிப்பார்களா என்று கேட்கிறார்.

பதில் 2:
ஒரு முடிகூட எடுக்கவில்லை என்று சொல்லுங்கள். வேண்டுமானால் நானே அம்மாவிடம் பேசுகிறேன்.