சைக்கிள் சாவியை ஒளிச்சு வச்சவன்

லயத்துப்பிள்ளை:
பார்க்கின்சன் நோய் (அசைவைப் பாதிக்கிற மூளை நோய்) இருக்கிற வீட்டுக்காரங்களுக்குக் ‘கால் ஒட்டிக்கிறது’ன்னா என்னன்னு தெரியும். அப்பா மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்துல முப்பது வருசம் பால்மரம் வெட்டினவர். தீபாவளிக்கு முதல் நாள் குசினி வாசல்ல நின்னுட்டார். அந்தப் பக்கம் அம்மா முறுக்கு பிழியறாங்க, இந்தப் பக்கம் எண்ணெய் டின்னோட நான். அஞ்சு நிமிசம். பாதம் அசையல, முழங்கால் மட்டும் நடுங்குது.

சாயங்காலம் ஆளைக் காணோம். தேடிப் போனா, தோட்டத்துல ஆளுங்களைப் பேர் கூப்பிடற பழைய பெரட்டுக் களத்தைச் சுத்தி சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருக்கார்! மணி வேற அடிக்கிறார். வளைவுல கூட ஆட்டம் இல்ல. என்னைப் பார்த்து இறங்கினார், கால் மறுபடி ஒட்டிக்கிச்சு. “அப்போ காலையில நடிச்சீங்களா?”ன்னு கேட்டுட்டேன். அவர் ஒன்னும் சொல்லல. சைக்கிளைப் பூட்டி சாவியை ஒளிச்சு வச்சுட்டேன்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
நடிப்பு இல்லை தம்பி. 2010-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் இப்படியே ஒருவரைப் பற்றி எழுதினார்கள். 58 வயது, பத்து வருட நோய். சில அடி வைத்தாலே விழுகிறவர், சைக்கிளில் ஏற்றிவிட்டால் தெருவில் சுற்றி வருகிறார். யோசிக்காமல் நடக்க வைக்கிற மூளைப் பகுதிக்கு டோபமின் என்ற மூளை ரசாயனம் போதவில்லை. பெடல் சுற்றும் தாளம் வெளியிலிருந்து கைகொடுக்கிறது என்று கருதுகிறார்கள்.

என் அம்மாவுக்கும் இதே நோய்; ஒரே இடத்தில் நிற்கிற உடற்பயிற்சி சைக்கிள் வாங்கினோம். நெதர்லாந்திலேயே 2019-இல் வந்த ஆய்வில் பார்க்கின்சன் உள்ள 130 பேர். ஒரு பாதிப் பேருக்கு வாரம் 3 நாள், 30 முதல் 45 நிமிடம் வீட்டு சைக்கிள். மற்றவர்களுக்கு உடலை நீட்டி மடக்கும் பயிற்சி. ஆறு மாதத்தில், மாத்திரை வேகம் இறங்கிய நேரத்தில் சோதித்தபோது, சைக்கிள்காரர்கள் மற்றவர்கள் அளவுக்கு மோசமாகவில்லை. பிறகு மூளை ஸ்கேனில், மூளையின் உள்ளே இருக்கும் ‘புட்டமென்’ என்ற பகுதியைப் பார்த்தார்கள்; டோபமின் அதிகம் வற்றிய அதன் பின்பகுதியைவிட, அதன் முன்பகுதிக்கும் மூளையின் அசைவுப் பகுதிக்கும் தொடர்பு கூடியிருந்தது. அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கவில்லை. ஆனால் சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொண்ட காலையை மறக்க மாட்டேன்.

பீடோர் மாமா:
டீச்சர், அது வீட்டுக்குள்ள நிக்கிற சைக்கிள்! செம்பனை லாரி ஓடற ரோட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களா? எங்க அண்ணன் இறங்கத் தெரியாம வாய்க்கால்ல விழுந்து தோள்பட்டை போச்சு. தம்பி பூட்டினது சரிதான்.

இன்னொன்னு. இந்த நோய்க்குக் கொடுக்கிற லெவோடோபா மாத்திரையைப் பசியாறலோட சேர்த்துக் கொடுக்காதீங்க. முட்டை, பால், பருப்புல இருக்கிற புரதம் மாத்திரை உள்ளே போறதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி வெறும் தண்ணியோட. குமட்டினா ரெண்டு பிஸ்கட். நேரம் தவறவே கூடாது, போன்ல அலாரம் வைங்க. நீங்களா நிறுத்தவும் கூடாது, டாக்டரைக் கேளுங்க. வாசல்ல கலர் டேப்பைக் குறுக்கே கோடு கோடா ஒட்டுங்க, கோட்டைத் தாண்டுங்கன்னா கால் தூக்குவார். பின்னால இருந்து மட்டும் தள்ளாதீங்க. வழுக்கற சிலிப்பர் வேணாம்...

ஓய்வுபெற்ற டீச்சர்:
ரோட்டுக்கு அனுப்பச் சொல்லி நான் எங்கே எழுதினேன் ஐயா? தம்பி மாத்திரையைப் பற்றியும் கேட்கவில்லையே.

லயத்துப்பிள்ளை:
மூணு வாரம் கழிச்சு எழுதறேன். டேப் ஒட்டியாச்சு, பாதி நாள் வேலை செய்யுது. நிக்கிற சைக்கிளும் வாங்கிட்டேன், ஈப்போவுல பழசு. அப்பா ஏறி உட்கார்ந்து முதல்ல கேட்டது, “மணி எங்கடா?”

பழைய சைக்கிள் மணியைக் கழட்டி மாட்டிக் கொடுத்தேன். சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு. அவர் கேக்கல.