விக்கியில் எழுதியதற்குக் கிடைத்த பாராட்டு: உங்கள் அனுபவம் என்ன?

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இங்கே எழுதச் சம்பளம் கிடையாது. பாராட்டாகப் பயனர்கள் ஒருவருக்கொருவர் வைக்கும் பதக்கப் படம் உண்டு, முதற்பக்கத்தில் பங்களிப்பாளர் அறிமுகம் உண்டு, போட்டி வைத்தால் பரிசும் உண்டு. இதில் எது உங்களைத் தொடர்ந்து எழுத வைத்தது? சொல்லுங்கள்.

*

எங்கள் வட்டாரக் கண்மாய்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு மூத்த பயனர் என் பேச்சுப் பக்கத்தில் (மற்றவர்கள் எனக்குச் செய்தி எழுதும் பக்கம்) பதக்கம் வைத்தார். கீழே இரண்டே வரிதான். மடை, கலிங்கு, மறுகால் என்று ஊர்ச் சொற்களை அப்படியே வைத்தது பிடித்திருக்கிறது, கலிங்கைப் (மிகுதி நீர் வெளியேறும் இடம்) பற்றி இன்னும் விரிவாக எழுத முடியுமா என்று கேட்டிருந்தார். நான் எழுதியதை ஒருவர் வரி விடாமல் படித்திருக்கிறார்! அன்று இரவே கலிங்கைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கேள்வி இல்லாமல் பதக்கப் படம் மட்டும் வந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

படத்துக்கும் பலன் இல்லாமல் இல்லை. ஆங்கில விக்கியில் மிக அதிகமாகத் தொகுப்பவர்கள் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பதக்கம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. பதக்கம் பெறாதவர்களைவிட அவர்களின் பங்களிப்பு 60% கூடியிருந்தது.

*

என்னை உள்ளே இழுத்தது போட்டிதான். இந்திய மொழி விக்கிகளுக்கான கட்டுரைப் போட்டியான வேங்கைத் திட்டத்தின் இரண்டாம் சுற்றில் (2019-20) இந்திய மொழிகளுக்குள் தமிழ் முதலிடம் வந்தது. கடைசி நாட்களில் பலரும் தூக்கத்தை விட்டு எழுதினோம். ஆனால் எந்தப் போட்டியிலும் எண்ணிக்கை ஏற ஏற, படித்துத் திருத்துபவர்களின் தலையில்தான் சுமை விழுகிறது. அவர்களுக்கும் ஒரு பரிசை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

*

ஆசியாவைப் பற்றிக் கட்டுரை எழுதும் விக்கிப் போட்டியான ஆசிய மாதத்தில் எழுதியதற்கு வெளிநாட்டிலிருந்து அஞ்சலட்டை வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் கணினியில் என்ன செய்கிறேன் என்று வீட்டில் புரிந்தது அப்போதுதான்.

*

மேலே திருத்துபவர்களைப் பற்றிச் சொன்னவருக்கு நன்றி. நான் ஒற்றுப்பிழையும் உடைந்த இணைப்பும் மட்டுமே சரிசெய்கிறவன். அதற்கு எந்தப் போட்டியிலும் புள்ளி இல்லை. யாராவது "நன்றி" பொத்தானை அழுத்தினால் அன்று கூடுதலாகச் சில பக்கங்களைப் பார்ப்பேன். பதக்கம் கொடுக்க நினைப்பவர்கள், பெறுபவரின் பயனர் பக்கத்தின் மேலே உள்ள இதயக் குறியை அழுத்தினால் போதும். எந்தத் திருத்தத்துக்காக என்று மறக்காமல் எழுதுங்கள்.