வளவு வீட்டுல வயர்லெஸ் ஹெட்போன்: என் அனுபவம், உங்களுதும் சொல்லுங்க

2020 லாக்டவுன்ல சென்னையிலேருந்து தேவகோட்டை வீட்டுக்கு வந்தவன், கம்பெனி அப்படியே வொர்க் ஃப்ரம் ஹோம் குடுத்ததால இங்கயே தங்கிட்டேன். வீட்டுல ஐயா, அப்பத்தா, ஆத்தா, நான். செட்டிநாட்டு வீடு, முன் தெருவுல ஆரம்பிச்சு பின் தெருவுல முடியும், முகப்புல என் டேபிள், வளவு (முற்றத்தைச் சுத்தி இருக்குற நடுக்கட்டு) தாண்டி ரெண்டாங்கட்டு, அதுக்கும் அங்கிட்டு அடுப்படி.

ஹெட்போன் வாங்குனதே ஐயாவோட டிவியாலதான். அவுகளுக்கு காது மந்தம், நியூஸை முழு சத்தத்துல வைப்பாக, ஆத்தங்குடி கல்லு தரையும் சுண்ணாம்பு பூசுன வழவழ சுவரும் சத்தத்தை உறிஞ்சவே உறிஞ்சாது, மோதி மோதி முகப்பு வரைக்கும் வந்துரும், மீட்டிங்ல இருக்குறவங்க பின்னாடி யாரு பேசுறதுன்னு கேப்பாங்க. அதனால நாய்ஸ் கேன்சலேஷன், அதாவது வெளி இரைச்சலை அமுக்குற வசதி, உள்ளதா ஒண்ணு வாங்குனேன். மொத ரெண்டு வருஷம் சொர்க்கம்தான். வயரு இல்லாததால பேசிக்கிட்டே வளவுல நடக்கலாம். ஆனா புளூடூத் சாதாரணமா 10 மீட்டர்தான்னு வச்சுக்கங்க, நம்ம வீட்டு சுவரு கனத்துக்கு ரெண்டாங்கட்டு வாசப்படி தாண்டுனாலே விட்டு விட்டு கேக்கும். வைஃபையும் புளூடூத் ஓடுற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில ஓடுனா இன்னும் மோசம், நான் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துனப்பறம் கொஞ்சம் பரவால்ல.

இப்ப நான் எழுத வந்த விஷயம். 2022 ஐப்பசி, அடைமழை. ஆத்தா காரைக்குடி போயிருந்தாக, ஐயா டிவி முன்னாடி. அப்பத்தா ரெண்டாங்கட்டு முற்றத்துல பாத்திரம் எடுக்கப்போயி பாசி வழுக்கி விழுந்துட்டாக. எந்திரிக்க முடியல, என் பேரைச் சொல்லி கூப்புட்டுக்கிட்டே இருந்திருக்காக. நான் ரெண்டு காதையும் மூடிக்கிட்டு மீட்டிங்ல இருந்தேன். பின் தெரு ஆச்சிக்கு கேட்டுருக்கு, அவுக பின்கட்டு கதவு வழியா ஓடி வந்து, முகப்பு வரைக்கும் வந்து என் தோளைத் தொட்டப்பதான் எனக்குத் தெரியும். மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருச்சு. அப்பத்தா என்னைய ஒரு வார்த்தை திட்டல, "கூப்புட்டேனேப்பு"ன்னு மட்டும் சொன்னாக. அது இன்னைக்கும் என்னால மறக்க முடியல.

பெறகுதான் யோசிச்சேன். இந்த வீடுக குரல்ல ஓடுற வீடுங்க. அடுப்படியிலேருந்து சாப்புட வாங்கன்னா முகப்புக்கு கேக்கணும், வாசல்ல யாரு வந்தாலும் உள்ள கேக்கணும், அதுக்குத்தான் நடுவுல வானம் பாத்த முற்றம். நாய்ஸ் கேன்சலேஷன் ஃபேன் இரைச்சல் மாதிரி தாழ்ந்த சீரான சத்தத்தைத்தான் நல்லா அடிக்கும், குரலை முழுசா நிறுத்தாதுதான், ஆனா காதை மூடுற மெத்தையும் உள்ள ஓடுற பேச்சும் சேந்தா தூரத்துக் குரலு சுத்தமா போயிரும். இப்ப மீட்டிங்குக்கு ஒத்தைக் காது ஹெட்செட். தனியா பாட்டு கேட்டாலும் வெளிச் சத்தம் உள்ள விடுற மோடுல வச்சுக்குவேன். முற்றத்துப் பக்கமும் அடுப்படியிலயும் வயர்லெஸ் காலிங்பெல் ஸ்விட்ச் ஒட்டியிருக்கேன், என் டேபிள்ல லைட் மின்னும்.

ஐயாவுக்கு இதே சாதனம் வரமாச்சு, அதையும் சொல்லணும். மொதல்ல சாதா புளூடூத் மாட்டி விட்டேன், எங்க பழைய டிவில வாய் அசைஞ்சப்பறம்தான் பேச்சு வருது, ஒரே நாள்ல கழட்டிட்டாக. அப்பறம் டிவிக்குன்னே டிரான்ஸ்மிட்டரோட வர்ற ரேடியோ ஹெட்போன் வாங்குனேன், அதுல அந்தத் தாமதம் தெரியல, ஸ்டாண்டுல வச்சாலே சார்ஜ் ஏறிக்கும். காலையில திருவாசகம், ராத்திரி நியூஸ், வீடே அமைதியாச்சு.

— — —

அண்ணே, நாங்க புதுவயல். சுத்தி ரைஸ்மில்லு, மோட்டார் இரைச்சல் நாள் பூரா. பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறேன், நாய்ஸ் கேன்சலேஷன் மட்டும் இல்லைன்னா படிச்சிருக்கவே முடியாது, அந்த ஊமைச் சத்தத்தை அப்படியே அமுக்கிருது. ஆனா இயர்பட்ஸை மாட்டிக்கிட்டே தூங்குற பழக்கம் வந்து காதுல புண்ணாகி சீழ் வச்சிருச்சு, காத்துப் போகாம ஈரம் தங்குனதாலன்னு டாக்டர் சொன்னாரு. இன்னொண்ணு, ரெண்டு வருஷத்துல ஒத்தைப் பக்கம் பேட்டரி அரை மணி நேரம்கூட நிக்கல, மாத்தவும் வழியில்ல, புதுசுதான் வாங்கணும்னுட்டாங்க.

— — —

தம்பி, படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. நான் பள்ளத்தூர், வீட்டுல பலகாரம் போட்டு விக்கிறேன். தேன்குழல் பிழியிறப்ப கை மாவுல இருக்கும், எண்ணெச்சட்டி பக்கத்துல வயரு தொங்குனா பயம், அதனால காது மூடாத மாடல் போட்டுக்கிட்டே ஆர்டர் எடுக்குறேன், ரொம்ப சௌகரியம். புள்ளைக விஷயத்துலதான் எனக்கு கவலை. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரம் 40 மணி நேரம், புள்ளைகளுக்கு 75 டெசிபல்னு சொல்லுது, 90க்கு ஏத்துனா பெரியவங்களுக்கே வாரம் 4 மணி நேரம்தானாம். என் மகன் போன்ல வால்யூம் லிமிட் போட்டு வச்சிருக்கேன். அப்பத்தா கை இப்ப எப்படி இருக்கு?

— — —

கூடிருச்சு ஆச்சி, மழை நாள்ல மட்டும் வலிக்குதுங்குறாக. பெல்லை ஒரு நாளும் அமுக்குனதில்ல, "உன்னையக் கூப்புட எனக்கெதுக்குப்பு ஸ்விட்சு"ன்னு சொல்லிட்டாக. போன மாசம் டேபிளை முகப்புலேருந்து எடுத்து ரெண்டாங்கட்டு நிலைப்படி ஓரமா போட்டுட்டேன்.