இடுப்பு வலி: வடசென்னையிலிருந்து சில அனுபவங்கள்

ராயபுரத்திலிருந்து:

துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். நாள் முழுவதும் நாற்காலிதான். இடுப்பில் தொடங்கிய வலி பிட்டத்தின் வழியே இடது காலின் பின்புறம் இறங்கிக் கெண்டைக்கால் வரை சுரீரென்று இழுக்கத் தொடங்கியபோது, தெருவில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். வாய்வுப் பிடிப்பு என்றவர்கள் பூண்டும் பெருங்காயமும் பரிந்துரைத்தார்கள். சுளுக்கு என்றவர்கள், கால் முதலில் வெளிவந்து பிறந்த ஒருவரைத் தேடிப் பிடித்து இடுப்பை மிதிக்கச் சொன்னார்கள் (படித்தவர்களும் இந்த நம்பிக்கையை இன்னும் விட்டபாடில்லை). ஜவ்வு விலகியிருக்கிறது என்றவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன்.

இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் (ஜவ்வு என்று சொல்வது இதைத்தான்) பிதுங்கியிருக்கிறது, மற்ற இடங்களிலும் தேய்மானம் தெரிகிறது என்று அறிக்கை வந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் அதைப் படித்த கையோடு அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கச் சொன்னார்கள். என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்னோர் இடத்திலும் கேட்டுவிடலாம் என்று ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த எலும்பு மருத்துவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்திப் பார்த்தார். கட்டைவிரலைத் தன் கைக்கு எதிராக மேலே தூக்கச் சொன்னார். குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்கச் சொன்னார். சிறுநீர் தடையின்றிப் போகிறதா, உட்காருமிடத்தில் மரத்துப் போயிருக்கிறதா என்றும் கேட்டார். அதன் பிறகுதான் படத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்தார்.

இடுப்பு வலியில் பத்தில் ஒன்பது பங்குக்கு, இந்த இடம்தான் காரணம் என்று சுட்டிக்காட்ட முடியாது என்றார் அவர். 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், வலியே இல்லாத மனிதர்களுக்கு எடுத்த படங்களை ஆராய்ந்திருக்கிறார்கள்: 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், 50 வயதினரில் 60 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுங்கல் இருந்திருக்கிறது. ஆகவே படத்தில் பிதுங்கல் இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. காலில் வலி ஓடும் பாதையும் படத்திலுள்ள இடமும் பொருந்த வேண்டும். எனக்குப் பொருந்தியது. ஆயினும் காலில் பலம் குறையவில்லை என்பதாலும், இத்தகைய பிதுங்கல்களில் பல தாமாகவே சுருங்கிவிடும் என்பதாலும் கத்தி அவசியமில்லை என்றார். பலம் குறையத் தொடங்கினாலோ, சில மாதங்களாகியும் கால்வலி தணியாவிட்டாலோ மறுபடி யோசிக்கலாம் என்றார். எனக்குத் தணிந்தது. படுத்தே கிடக்காமல், தாங்கும் அளவுக்கு நடந்துகொண்டும் பிசியோதெரபி பயிற்சிகளைச் செய்துகொண்டும் இருந்தேன்.

காசிமேட்டிலிருந்து:

அண்ணன் எழுதியது நாற்காலி வேலைக்காரரின் வலி. என் தந்தை மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டி தூக்குபவர். ‘நன்றாக ஓய்வெடுங்கள், கனம் தூக்காதீர்கள்’ என்று அவரிடம் சொன்ன மருத்துவர்கள் யாரும், அன்றைய கூலிக்கு என்ன செய்வது என்று சொன்னதில்லை. பிறகு நாங்கள் பார்த்த பிசியோதெரபிஸ்ட், வேலையை விடச் சொல்லாமல், எப்படித் தூக்குகிறீர்கள் என்று கேட்டு, எழுந்து தூக்கிக் காட்டச் சொன்னார்.

ஐஸ் போட்ட மீன் பெட்டி, வழுக்கும் தரை, அவசரம் ஆகிய மூன்றும் சேரும் இடம் அது. பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்க வேண்டும். கால்களை ஊன்றியபடியே இடுப்பை மட்டும் முறுக்காமல், பாதங்களையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். கனத்த பெட்டிக்கு இருவர் கை கொடுக்க வேண்டும். இவையெல்லாம் எங்கும் சொல்வதுதான். எங்களுக்குப் புதிதாக இருந்தது வேறொன்று. இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பிவிடுவதால், தூங்கி எழுந்த சிறிது நேரத்துக்கு இடுப்பு விறைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் ஆழமாகக் குனிவது அதற்குக் கூடுதல் சுமை. காலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட வலி குறைந்ததாக 1998இல் ஓர் ஆய்வும் வந்திருக்கிறது. படகு வரும் விடியற்காலையில் பாயிலிருந்து எழுந்து நேராகப் பெட்டிக்குக் குனிபவர் என் தந்தை. இப்போது சற்று முன்னதாகவே எழுந்து, துறைமுகத்துக்கு நடந்தே போய், முதலில் எடை குறைந்த கூடைகளைத் தூக்குகிறார்.

இடுப்பு பெல்ட்டை அவர் இன்னும் கழற்றவில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட்டையும், எடை கட்டி இடுப்பை இழுக்கும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அவருக்கோ அது மனத்தெம்பு. சண்டை போட்டுக் கழற்ற வைக்கும் அளவுக்குக் கெடுதலாக எனக்குத் தோன்றவில்லை. பயிற்சிகளை விடாத வரை கட்டிக்கொள்ளட்டும்.

எர்ணாவூரிலிருந்து:

மேலே இருவரும் எழுதியதைப் படித்துவிட்டு, எந்த இடுப்பு வலியும் நடந்தால் சரியாகிவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். என் அம்மாவுக்கும் முதலில் தைலமும் ஒத்தடமும்தான். லாரித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்ததால் வந்த வலி என்றே வீட்டில் அனைவரும் பேசிக்கொண்டோம். ஆனால் அம்மாவுக்குப் படுத்தாலும் வலி குறையவில்லை; இரவில் கூடியது. மாலையில் மெல்லிய காய்ச்சல் வந்தது, ரவிக்கைகள் தொளதொளத்தன. இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டவர் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர். ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., ஊசி வழியே எடுத்த திசுப் பரிசோதனை என்று போய், முதுகெலும்பில் காசநோய் என்று தெரிந்தது. இருமலே இல்லாமல் காசநோய் வரும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதுகெலும்புக் காசநோய்க்கு ஏறத்தாழ ஓராண்டு மருந்து எடுக்க வேண்டும். சிலருக்கு அதற்கு மேலும் நீளும். அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போடுவதை 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். பாதியில் மருந்தை நிறுத்தினால் எலும்பு இடிந்து கூன் விழவும், கால்கள் செயலிழக்கவும் வாய்ப்புண்டு என்று சொன்னதால் அம்மா ஒரு வேளையும் தவறவில்லை. இன்னொன்றையும் அந்த மருத்துவர் வற்புறுத்திச் சொன்னார்: சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடைகளுக்கு நடுவில் உணர்வு மரத்தாலோ, இரு கால்களும் வலுவிழந்தாலோ அது காசநோயாக இருந்தாலும் டிஸ்க்காக இருந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது.

மணலியிலிருந்து:

கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். துறைமுகத்து வரிசையில் மணிக்கணக்கில் இருக்கையை விட்டு இறங்க முடியாது, குலுக்கலும் உண்டு. மருந்துக் கடையில் கேட்டால் வலி மாத்திரை தருகிறார்கள், அதைப் போட்டுக்கொண்டே வண்டியை ஓட்டுகிறேன். இது சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரத்திலிருந்து மறுபடியும்:

தம்பி, வரிசை நிற்கும்போதெல்லாம் பாதுகாப்பான இடமாகப் பார்த்து இறங்கி, நாலு அடி நடந்துவிட்டு ஏறுங்கள்; பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். மாத்திரை விஷயத்தில் எனக்கு மருத்துவர் சொன்னதைச் சொல்கிறேன்: வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரைகளைக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மட்டுமே எடுக்க வேண்டும். நீண்ட காலம் எடுத்தால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம், ரத்த அழுத்தமும் கூடலாம். கடையில் கேட்கும் சில மாத்திரைகளில் தசையைத் தளர்த்தும் மருந்தும் கலந்திருக்கும். அது தூக்கத்தைக் கொண்டுவரும். ஸ்டீயரிங் பிடிக்கும் உங்களுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், லாரி ஓட்டுகிறேன் என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.