கொறங்காடு போன பிறகு முருங்கையில் காய் பிடிப்பதில்லை, கருவண்டும் காணோம்

மேட்டாங்காடு (மூலனூர் பக்கம்):
எல்லாருக்கும் வணக்கங்க. 4 ஏக்கரில் முருங்கை வைத்திருக்கிறேன், பாதி எங்கள் அய்யன் காலத்து மரம், மீதி செடிமுருங்கை. 3 வருசமாகப் பூ கொத்துக் கொத்தாக வருகிறது, காலையில் போனால் மரத்தடி வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கிறது, காய் மட்டும் முன்பு பிடித்ததில் பாதி கூட இல்லை. சொட்டுநீர் போட்டிருக்கிறேன், தண்ணீருக்குக் குறைவில்லை. மருந்துக்கடையில் பூ நிற்க என்று ஒன்று கொடுத்தார்கள், அதையும் அடித்துப் பார்த்தாயிற்று.

போன வாரம் ஒரு மரத்தடியில் காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை சும்மா உட்கார்ந்து பார்த்தேன். சின்ன வயதில் இந்த நேரத்துக்குக் கருவண்டுச் சத்தம் களத்து வரைக்கும் கேட்கும். இப்போது வந்தது இரண்டே இரண்டு. எனக்கு மேற்கே 30 ஏக்கர் கொறங்காடு (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடு) இருந்தது, 4 வருசத்துக்கு முன்னால் சோலாருக்குப் போய்விட்டது. கிளுவை வேலியை ஜேசிபி வைத்துப் பிடுங்கிக் கம்பி போட்டார்கள், வெள்வேல மரம் ஒன்றைக்கூட விடவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? தேன்பெட்டி நாலு வாங்கி வைத்தால் சரியாகிவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பூச்சி படித்தவன் (கோவை):
அண்ணா, சம்பந்தம் இருக்குங்க. பெட்டிக்கு இப்போதைக்குப் பணம் போடாதீங்க. பெட்டித் தேனீ முருங்கைக்கு வரும், ஆனால் அது சின்ன உடம்பு, பூவுக்குள் புகுந்து தேனை எடுத்துக்கொண்டு பெரும்பாலும் சூல்முடியில் (பூவில் மகரந்தம் ஒட்ட வேண்டிய நுனி) படாமலே போய்விடும். கருவண்டு தன் கனத்தோடு வந்து உட்காரும்போதுதான் முதுகில் மகரந்தம் அப்பி அடுத்த பூவுக்குப் போகும். வண்டு என்று சொன்னாலும் அதுவும் ஒரு தேனீதான், கூட்டமாக வாழாது, தேன் சேர்த்து வைக்காது, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. உலகத்தில் 20,000 வகைக்கு மேல் தேனீ இருக்கிறது, அதில் பெரும்பாலானவை இப்படித் தனியாகத்தான் வாழ்கின்றன.

பெண் வண்டு காய்ந்த மரத்தில் விரல் கனத்துக்குத் துளை போடும். உள்ளே மகரந்தத்தைத் தேனில் பிசைந்து ஓர் உருண்டை, அதன் மேல் ஒரு முட்டை, அப்புறம் மரத்தூளை வைத்து ஒரு தடுப்பு. அப்படியே அடுத்த அறை. ஆக அதற்கு வேண்டியது இரண்டு: காய்ந்த மரமும், முருங்கை பூக்காத மாதத்தில் வேறு பூவும். கொறங்காட்டில் இரண்டும் இருந்தது. வெள்வேலத்தின் பட்ட கிளை, வேலிக்கு முட்டுக் கொடுத்த பழைய குச்சி, மழை விழுந்தால் தும்பை, கொழுஞ்சி, ஆவாரை. ஆவாரம்பூவில் மகரந்தம் குழலுக்குள் அடைபட்டிருக்கும், பூவைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் நுனித் துளை வழியாகக் கொட்டும். கத்தரியும் அப்படித்தான். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை வராது.

இன்னொன்று, தேனீ வகைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் மண்ணில் வளை தோண்டுபவை. கொறங்காட்டில் ஏர் படாத இறுகின தரை இருந்தது. ரோட்டவேட்டர் ஓட்டுகிற காட்டிலும், மல்ச்சிங் ஷீட் விரித்த பாத்தியிலும் அவற்றுக்கு இடமே இல்லை. சின்னத் தேனீக்கள் பல சில நூறு மீட்டருக்கு மேல் போகாது, அதனால் எங்கோ காடு இருக்கிறதே என்றால் பிரயோஜனமில்லை.

சாளைவீடு (காங்கேயம்):
தம்பி சொன்ன மரத்தூளைப் படித்ததும் எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) சாளை, அதாவது தோட்டத்து வீடு, ஞாபகம் வந்துவிட்டது. மாடு கட்டுகிற கட்டுத்தாரைக்கு மேலே பனஞ்சட்டம், அதில் வரிசையாக ஓட்டை. பால் கறக்கும்போது மஞ்சளாகத் தூள் சொரியும், அப்பிச்சி பால் போவணியைத் (கறக்கிற பாத்திரம்) தள்ளி வைத்துக்கொள்வார், ஓட்டையை மண் வைத்து அடைக்க விடமாட்டார். அது இருந்தால்தான் அவரை காய்க்கும் என்பார். இப்போது தகர ஷெட். இருக்கிற வண்டையும் கதண்டு (கூட்டமாக வந்து கொட்டுகிற குளவி) என்று நினைத்துப் பந்தம் கொளுத்திக் கொல்கிறார்கள். கதண்டு வேறுங்க, கருவண்டு பாட்டுக்குத் திரியும், கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய கொட்டாது.

தாராபுரத்தான்:
நான் சோலாருக்குக் காடு கொடுத்தவன், அதனால் சொல்கிறேன். வேண்டுமென்று யாரும் கொடுக்கவில்லை. மழை பொய்த்து, கொழுக்கட்டைப் புல் கருகி, மாடுகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டினேன். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறான், மேய்க்க ஆளில்லை. ஆனால் வேலியை அப்படியே விடணும் என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை, அந்த வருத்தம் இருக்கிறது. அப்புறம், எல்லாவற்றையும் வண்டு மேல் போடாதீங்க. வெயில் காய்ந்தாலும் முருங்கைப் பூ கொட்டும், தண்ணீர் அதிகமானாலும் கொட்டும்.

பூச்சி படித்தவன் (கோவை):
தாராபுரத்து அண்ணன் சொன்னது சரி, அதைச் சோதித்தே பார்த்துவிடலாம். காலையில் ஒரு மரத்துப் பூவின் மகரந்தத்தை வேறு மரத்துப் பூவில் மென்மையாகத் தடவி, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்க. அதே மரத்தில் தொடாத பூக்களுக்கு வெள்ளை நூல். சிவப்பு நூலில் மட்டும் பிஞ்சு நின்றால் குறை வண்டில். இரண்டும் கொட்டினால் தண்ணீரையும் வெயிலையும் பாருங்க.

சோலார் வந்தாலே எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. அமெரிக்காவில் மின்னசோட்டாவில் இரண்டு சோலார் தளங்களில் அந்த மண்ணுக்குரிய பூச்செடிகளை வளர்த்து 2018 முதல் 2022 வரை கணக்கெடுத்தார்கள், நாட்டுத் தேனீக்கள் 20 மடங்கு கூடியிருந்தன. இங்கே பேனலுக்கு அடியில் களைக்கொல்லி அடித்துத் தரையை மொட்டையாக்குகிறோம். ஓரத்தில் ஆவாரையும் தும்பையும் நின்றால் பேனலுக்குப் பெரிதாக நிழல் விழாது.

மேட்டாங்காடு (மூலனூர் பக்கம்):
12 நாள் கழித்து எழுதுகிறேன். சிவப்பு நூல் 40 பூ, அதில் பிஞ்சு நிற்பது 17. வெள்ளை நூலிலும் 40தான், நிற்பது 5. வீட்டில் எல்லாரையும் கூட்டிப் போய்க் காட்டினேன்.

இன்னொன்றும் சொல்லணும். போன வருசக் காற்றில் சாய்ந்த முருங்கைக் கட்டையை அடுப்புக்கென்று போட்டு வைத்திருந்தோம். நேற்று கோடாலியை எடுத்துக்கொண்டு போனவன் கீழே புதுத்தூள் கிடப்பதைப் பார்த்து நின்றுவிட்டேன். குனிந்து பார்த்தால் துளை, அதன் வாயில் கருவண்டின் பின்பக்கம், உள்ளே தலையை விட்டுக் கொறிக்கிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. கட்டையை அசைக்காமல் மேலே ஒரு தகரத்தை மட்டும் சாய்த்து வைத்தேன். மேற்கு எல்லையில் என் பங்குக்குக் கிளுவை வைக்கப் போகிறேன், சோலார் வாட்ச்மேனிடமும் அந்த ஓரத்தில் களைக்கொல்லி அடிக்காதீர்கள் என்று கேட்டிருக்கிறேன். கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டுகிற குச்சி) எந்த மாதம் நட்டால் பிடிக்கும், யாரிடமாவது இருக்குமாங்க?

சாளைவீடு (காங்கேயம்):
எங்கள் வேலியிலேயே இருக்குது, வந்து வெட்டிக்கோங்க. மழைக்கு முன்னால் நட்டுவிடுங்க.