லாவெண்டர் ஊத் சென்ட், மத்தியானம் ஆனா மருந்து வாடை

அண்ணாச்சிமாரே, சென்ட் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க. லாவெண்டரும் ஊத்ங்கிற அகில் கட்டை வாசமும் கலந்த ஈ.டி.பி. (ஓ டி பர்ஃபம், கொஞ்சம் அடர்த்தியான சென்ட்) ஸ்ப்ரே, போன மாசம் ஆன்லைன்ல வாங்குனது. அடிச்ச உடனே லாவெண்டர் ஜம்முனு இருக்கு, ஆனா பாளையங்கோட்டைல பஸ் ஏறி திருநெல்வேலி ஜங்ஷன்ல இறங்கதுக்குள்ள அது போயிருது, அப்புறம் ஊத் மட்டும் நின்னு வேர்வையோட சேந்து டிஞ்சர் மாதிரி ஒரு வாடை, சாயங்காலம் வரை போவே மாட்டேங்கு. ஏசி ரூம்ல இருந்தா அவ்வளவா தெரியல. லாவெண்டர் எண்ணெய் சீக்கிரம் ஆவியாயிரும், ஊத் அகில் கட்டை சமாச்சாரம், கனம், அதான் தங்குதுன்னு தெரியும், அதுக்குன்னு இப்படியா?

கழுத்த விட்டுட்டு சட்டைல அடிச்சு பாத்தாச்சு (இன்னும் மோசம், துவைச்சாலும் இருக்கு), தேங்காண்ணெ தடவி அதுமேல அடிச்சாச்சு, ஒரே அமுக்கோட நிறுத்தியும் பாத்தாச்சு.

நம்மூர் வெயில்ல லாவெண்டர் வாசம் மத்தியானம் வரைக்காவது நிக்க என்ன செய்யணும்?