[கலைச்சொல்] 'சப்ஜெக்ட்', 'ரெஃபரன்சஸ்': எந்தச் சொல்லை வைப்பது?

நண்பர்களுக்கு வணக்கம்.

இணையக் கலந்துரையாடல் குழுக்களில் வேண்டிய உரையாடலைப் பொருள்வாரியாகத் தேடிப் பிடிப்பதற்கு ஒரு கையேடு தயாராகிறது. அதற்கான சொற்பட்டியலில் மடல், மறுமொழி, குறிச்சொல் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. ஒரு மடலும் அதன் மறுமொழிகளும் சேர்ந்த தொடரான 'த்ரெட்' என்பதற்கு இழை, திரி இரண்டுமே வழக்கில் உள்ளன. நான் இழை பக்கம். 'கிளையிழை' என்று நீட்டிச் சொல்ல வருகிறது. திரியை வினையாக்கினால் 'திரித்தல்' வேறு பொருளைக் கொண்டுவந்துவிடும்.

முட்டுவது 'சப்ஜெக்ட்' வரும் இடத்தில்தான். பலரும் தலைப்பு என்றே எழுதுகிறோம். ஆனால் குழுவின் துறையும் தலைப்பு, இழையின் பெயரும் தலைப்பு, மடலின் மேலே தட்டுவதும் தலைப்பு என்றால் "தலைப்பை மாற்றுங்கள்" என்கிறபோது எதை மாற்றுவது?

பழைய இணையக் கலந்துரையாடல் வலையமைப்பான யூஸ்நெட்டில் 1987இல் குழுக்களுக்கெல்லாம் பெயர் மாற்றி, காம்ப், மிஸ்க், நியூஸ், ரெக், சை, சாக், டாக் என்ற ஏழு பெரும்பிரிவுகளுக்குள் கொண்டுவந்தார்கள்; 1995இல் ஹியூமானிட்டீஸ் எட்டாவதாகச் சேர்ந்தது. அங்கே குழுப்பெயரே முதல் வழிகாட்டி. புள்ளிக்குப் புள்ளி இடமிருந்து வலமாகப் படிக்கப் படிக்கத் துறை குறுகிக்கொண்டே வரும். அது கலந்துபேசி வகுத்த பகுப்பு. மடலின் மேலே இருப்பதோ எழுதுகிறவர் அந்த நேரத்தில் வைக்கும் பெயர். இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

என் முன்மொழிவு: குழுவுக்குத் துறை, பிரிவுகளின் அடுக்குக்குத் துறைப்படிநிலை, 'சப்ஜெக்ட்' என்பதற்குப் பொருள்வரி. அதோடு, எந்த மடல்களுக்கு மறுமொழி என்று காட்டும் 'ரெஃபரன்சஸ்' என்பதற்குப் பார்வைவரி. தமிழ் அலுவல் கடிதங்களில் 'பொருள்' என்றும் அதன்கீழ் 'பார்வை' என்றும் எழுதி, பார்வையில் முந்தைய கடிதங்களைக் குறிப்பது நெடுநாள் பழக்கம். மடலில் இந்த இரண்டு புலங்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

———

மறு: [கலைச்சொல்] 'சப்ஜெக்ட்', 'ரெஃபரன்சஸ்': எந்தச் சொல்லை வைப்பது?

> பொருள்வரி ... பார்வைவரி

பொருள், பார்வை இரண்டையும் எடுத்தாண்டது நன்று ஐயா. மறுப்பு 'வரி' மேல்தான். பொருள்வரி என்று தனியாகப் பார்க்கிறவருக்குச் சரக்கின் மேல் போடும் வரி என்றே படும். புலம் என்று வைத்தாலும் முடியாது. 'பார்வைப்புலம்' கண் மருத்துவத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பொருட்குறிப்பு, பார்வைக்குறிப்பு என்று வைக்கலாம். தளங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் 'பார்வைகள்' என்பதோடும் இது குழம்பாது.

இரண்டும் தனித்தனிச் சொல்லாக இருந்தே ஆகவேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. இழையைக் கட்டுவது முதலில் பார்வைக்குறிப்பு. ஒவ்வொரு மடலுக்கும் தனி அடையாளம் உண்டு. மறுமொழி போகும்போது முந்தைய மடல்களின் அடையாளங்கள் பார்வைக்குறிப்பில் வரிசையாக ஏறும் (மடல் வடிவத்துக்கான இணைய விதி ஆவணம், ஆர்எஃப்சி 5322). அதனால்தான் பழைய மடல் ஒன்றைத் திறந்து, மறுமொழி பொத்தானை அழுத்தி, பொருட்குறிப்பை மட்டும் அழித்துவிட்டுப் புதுப் பேச்சைத் தொடங்கினால், இழைமரம் காட்டும் மென்பொருளில் அது பழைய இழையின் அடியிலேயே போய் ஒளிந்துகொள்கிறது. பழைய இழையை மூடிவைத்தவர் கண்ணில் அது படவே படாது. ஜிமெயிலிலோ பொருட்குறிப்பு மாறினால் உரையாடல் பிரிந்துவிடும்; 100 மடலைத் தாண்டினாலும் பிரியும். ஒரே மடல் ஒருவருக்குப் புது இழை, இன்னொருவருக்குப் பழைய இழையின் கிளை.

பார்வைக்குறிப்பு இல்லாத மடல்களைச் சில மென்பொருள்கள் பொருட்குறிப்பை ஒப்பிட்டு ஒட்டவைக்கும். அங்கே "உதவி தேவை", "ஒரு ஐயம்" போன்ற பொருட்குறிப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மடல்களை ஒரே இழையில் திணித்துவிடும். பல மடல்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் தொகுப்பு மடலுக்கு நேரே மறுமொழி எழுதினால் இரண்டுமே கெடும்: பொருட்குறிப்பில் தொகுப்பின் எண் நிற்கும், பார்வைக்குறிப்பு தொகுப்பையே காட்டும்.

கையேட்டில் இப்படி எழுதலாம்: புதுப் பேச்சுக்குப் புது மடல். பேச்சு கிளை பிரிந்தால் மறுமொழியாகவே எழுதி, பொருட்குறிப்பை "புதுப்பொருள் (முன்பு: பழம்பொருள்)" என்று மாற்றவேண்டும். அடுத்து எழுதுகிறவர் அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கையால் நீக்கவேண்டும். சில மென்பொருள்கள் 'முன்பு' என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதும் 'வாஸ்' வடிவத்தைத் தாமே நீக்கும். 'முன்பு' அவற்றுக்குத் தெரியாது.

இன்னொன்று. மேலே உங்கள் பொருட்குறிப்புக்கு முன்னால் 'மறு:' என்று எழுதியிருக்கிறேன். இது இந்த ஒரு மடலில் காட்டுவதற்காக மட்டும். ஆங்கில 'ரீ:' முன்னொட்டைத்தான் எல்லா மென்பொருளும் கழித்துப் பார்க்கும். ஜெர்மன் 'ஏடபிள்யூ:', சுவீடிய 'எஸ்வி:' முன்னொட்டுகள் 'ரீ:' உடன் மாறிமாறி அடுக்கிக்கொண்டே போவதைப் பன்மொழிக் குழுக்களில் காணலாம். திரையில் காட்டும் பெயரைத் தமிழாக்குவோம். மடலுக்குள் போகும் முன்னொட்டில் கைவைக்க வேண்டாம்.

———

ரீ: [கலைச்சொல்] 'சப்ஜெக்ட்', 'ரெஃபரன்சஸ்': எந்தச் சொல்லை வைப்பது?

> பொருட்குறிப்பு, பார்வைக்குறிப்பு

ஏற்கிறேன். பொருட்குறிப்பைத் தமிழில் எழுதுவது பற்றிக் கையேட்டில் சேர்க்கவேண்டியதைச் சொல்கிறேன்.

ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறிமுறையில் இல்லாத எழுத்துகள் பொருட்குறிப்பில் குறிமாற்றப்பட்டே பயணிக்கும் (ஆர்எஃப்சி 2047). ஒரு துண்டுக்கு 75 எழுத்துதான் உச்சம். ஒருங்குறியின் 'யுடிஎஃப்-8' வடிவை ஆஸ்கி எழுத்துகளாக்கும் 'பேஸ்64' வழியில் தலைவால் குறிகள் போக 60 எழுத்து, அதாவது 45 பைட் மிஞ்சும். தமிழ்க் குறியீடு (எழுத்து, புள்ளி, கொம்பு, கால் என) ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் துண்டுக்கு 15 குறியீடுகள். 'பொருட்குறிப்பு' ஒன்றே 14. ஆக நம் பொருட்குறிப்பு எப்படியும் பல துண்டுகளாகத்தான் போகும். அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை நீக்கிக் காட்டவேண்டும் என்பது விதி. அதை மதிக்காத மென்பொருளில் மெய் ஒரு பக்கமும், கொம்போ காலோ புள்ளிவட்டத்தோடு இன்னொரு பக்கமும் நிற்கும். முதல் இரண்டு மூன்று சொற்களிலேயே பொருள் விளங்கிவிட்டால் இழப்பு குறைவு. '[கலைச்சொல்]' போன்ற குறிச்சொல் முன்னால் வருவதும் இதனால்தான் நல்லது.

தேடும்போது புள்ளியைக் கவனியுங்கள். 'நிரல்' என்று தேடினால் 'நிரலில்' கிடைக்காது. ல் மேலிருந்த புள்ளி போய் அங்கே இகரக்குறி வந்துவிட்டது. எழுத்துத்தொடரை அப்படியே ஒப்பிடும் தேடலில் புள்ளி இல்லாமல் 'நிரல' என்று கொடுத்தால் இரண்டும் அகப்படும். 'வடிவம்', 'வடிவத்தை' இரண்டுக்கும் 'வடிவ' போதும். முழுச்சொல் தேடலில் இந்த உத்தி பலிக்காது. வேற்றுமை வடிவங்களைத் தனித்தனியே கொடுத்தாகவேண்டும். 'பொ' என்பதை ஒரே ஒகரக்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், இரண்டையும் ஒரே வடிவமாக்கும் இயல்பாக்கம் செய்யாத தேடலுக்கு இரண்டும் வேறுவேறு. ஒருங்குறி பரவுமுன் வழங்கிய டிஸ்கி குறிமுறையில் எழுதிய பழைய மடல்கள் ஒருங்குறித் தேடலில் சிக்கவே சிக்காது. அவற்றைக் குறிமுறை மாற்றியில் போட்டெடுத்த பிறகே தேடமுடியும்.

'துறைப்படிநிலை' நீளமாக இருக்கிறது. 'துறையடுக்கு' என்று சுருக்கலாமா?